கம்பியை உதைத்துவிட்டுத் திரும்பும் ஊர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நான் குடியிருக்கும் அபெரிஸ்ட்வித் பற்றிப் போகிறபோக்கில் ஒரே ஒரு பத்திதான் எழுதினேன். பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் இருக்கும் சின்ன ஊர். அதன் உள்ளூர்ச் செய்தித்தாளைப் படிக்காமல் எனக்கு வாரம் முடியாது என்று சொன்னதுதான் தப்பு, கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்வியின் வேறு வேறு வடிவங்கள், அவற்றை ஒன்றாக்கிக்கொண்டேன்.

இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு ஒரு செய்தித்தாளா? அதில் போட என்னதான் இருக்கும்? — வாசகர், ஈரோடு

ஒன்று இல்லை சார், இரண்டு. மூன்று என்றுகூடச் சொல்லலாம்.

முதலாவது ‘கேம்ப்ரியன் நியூஸ்’. 1860-இல் தொடங்கிய வாரப் பத்திரிகை, ஆங்கிலத்தில் வருவது. எங்கள் ஊருக்கு மட்டுமல்ல, நடு வேல்ஸ் முழுவதற்கும் அதுதான். முதல் பக்கத்தில் மருத்துவமனை, பள்ளிக்கூடம், கவுன்சில் என்கிற உள்ளாட்சியின் பட்ஜெட் என்று கனமான விஷயங்கள் இருக்கும். உள்ளே போகப்போகத்தான் ஊர் தெரியும். யார் வீட்டு மாடிக்கு யார் ஆட்சேபம் தெரிவித்தார், எந்தத் தெருவில் பார்க்கிங் தகராறு, கடற்கரையில் நாயை எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை விடக்கூடாது, இப்படி.

நான் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் தொடங்குவேன். மரண அறிவிப்புகள். சிரிக்காதீர்கள், எங்கள் அப்பாவும் காலையில் பேப்பரை அப்படித்தான் திருப்புவார். பெயர், வயது, ஊர், அதோடு வீட்டின் பெயரும் கட்டாயம் இருக்கும். ஜோன்ஸும் எவன்ஸும் டேவிஸும் திரும்பத் திரும்ப வரும் ஊரில் வீட்டுப் பெயர் போடாவிட்டால் ஆள் யாரென்று எப்படித் தெரியும்? அடியில் ஒரு வரி இந்த நாட்டின் சொந்த மொழியான வெல்ஷில்: ‘பூக்கள் குடும்பத்தார் மட்டும்’. அதாவது மற்றவர்கள் மாலை வாங்கிவந்து காசைக் கரைக்க வேண்டாம், அந்தப் பணத்தைக் கடல் மீட்புப் படகான லைஃப்போட்டுக்கோ மருத்துவமனை வார்டுக்கோ தேவாலயத்துக்கோ கொடுங்கள் என்று அர்த்தம். எந்த அமைப்பின் பெயர் அங்கே இருக்கிறது என்று பார்த்தாலே போதும், இறந்தவர் எப்படி வாழ்ந்தார், கடைசி மாதங்கள் எங்கே கழிந்தன என்று பாதி தெரிந்துவிடும்.

இரண்டாவது வகைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘பாபிர் ப்ரோ’ என்பார்கள், வட்டாரத் தாள் என்று வைத்துக்கொள்ளலாம். முழுக்க வெல்ஷ் மொழியில், மாதம் ஒருமுறை, சம்பளம் வாங்காதவர்கள் நடத்துவது. 1973-இல் தலைநகர் கார்டிஃபில் முதல் தாள் வந்தது. அடுத்த வருஷமே எங்களுக்கு வடக்கே இருக்கும் டாலிபான்ட் கிராமத்தில் ‘பாபிர் பவ்ப்’ என்று ஒன்று, ‘எல்லாருடைய தாள்’ என்று பொருள். (ஊர்ப் பெயரைப் படித்துத் திடுக்கிட வேண்டாம், பாலத்தின் முனை என்றுதான் அர்த்தம்.) இன்று வேல்ஸ் முழுக்க ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. எங்கள் ஊர்த் தாளின் பெயர் ‘நங்கூரம்’, பக்கத்துக் கிராமங்களுக்கு ‘டின்கெர்’ என்று தனியாக ஒன்று.

இதில் என்ன வரும்? யாருக்குத் தொண்ணூறு வயது, யார் பேத்தி டிரைவிங் டெஸ்ட் பாஸ், யார் முழங்கால் அறுவை முடிந்து வீடு திரும்பினார், மகளிர் சங்கத்தில் கேக் போட்டியில் யார் முதல், யார் இரண்டாவது. இரண்டாவதாக வந்தவரின் பெயரையும் போட்டே ஆகவேண்டும், விட்டுவிட்டால் அடுத்த மாதம் ஆசிரியர் தெருவில் நடமாட முடியாது. அச்சாகி வரும் தாள்களை வரிசைப்படுத்தி மடிக்க சில ஊர்களில் இன்னும் ‘மடிக்கும் இரவு’ என்றே ஒன்று வைக்கிறார்கள். பக்கத்துக் கிராமத்தில் அப்படி ஒரு இரவுக்கு என்னை இழுத்துப் போனார்கள். நீள மேஜை, தாள் அடுக்குகள், ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்து அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது பத்து வெல்ஷ் வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் அந்த மாதத் தாளில் வராத செய்திகள் எல்லாம் அந்த மேஜையைச் சுற்றி ஓடின என்பது மட்டும் அவர்கள் குரல் தாழ்ந்த விதத்திலேயே புரிந்தது. விரல் நுனியெல்லாம் மை. நடுவில் டீ, அதற்கு இங்கே ‘பானெட்’.

மூன்றாவது என்று சொன்னேனே, அது பழையது. வேல்ஸின் தேசிய நூலகம் இந்த ஊர் மலைச்சரிவில்தான் இருக்கிறது, 1907-இல் சாசனம் பெற்றது. 1919 வரையிலான வேல்ஸ் நாட்டுச் செய்தித்தாள்களைப் பத்து லட்சம் பக்கங்களுக்கு மேல் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு மழைநாளில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ‘அபெரிஸ்ட்வித் அப்சர்வர்’ என்று ஒரு பழைய தாள், அந்தக் காலத்துக் கோடையில் கடற்கரை வீதியில் எந்த விடுதியில் எந்த ஊரிலிருந்து யார் வந்து தங்கியிருக்கிறார்கள் என்று பட்டியலே போட்டது. இன்றைக்கு அப்படிப் போட்டால் வழக்கு வரும், அன்றைக்குப் பெயர் வராவிட்டால்தான் கோபம் வந்திருக்கும்.

உண்மையிலேயே அங்கே வெல்ஷ் பேசுகிறார்களா, இல்லை பெயர்ப்பலகையில் மட்டுமா? — வாசகி, தஞ்சாவூர்

பேசுகிறார்கள். 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் முழுவதும் சேர்த்து 17.8 சதவீதம் பேர்தான் வெல்ஷ் தெரிந்தவர்கள், ஆனால் எங்கள் மாவட்டமான கெரெடிகியோனில் 45.3 சதவீதம். இதுவும் முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைவு என்று இங்கே எல்லாருக்கும் கவலை. அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழக ஊர் என்பதால் தெருவில் ஆங்கிலம்தான் அதிகம் கேட்கும். சந்தைக்கோ கிராமத்துக்கோ போனால் நிலைமை மாறும். கடையில் இரண்டு பேர் வெல்ஷில் பேசிக்கொண்டே இருந்துவிட்டு என்னைப் பார்த்ததும் நொடியில் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். மரியாதைக்காகச் செய்வதுதான். ஆனால் என்னால் ஒரு உரையாடல் மொழி மாறிவிட்டதே என்று ஒவ்வொரு முறையும் உறுத்தும், அதனால்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் பாடமே வேடிக்கை. காலை வணக்கம் ‘போரே டா’. இரவு வணக்கம் ‘நோஸ் டா’. ‘டா’ என்றால் நல்லது. எழுபது வயது ஆசிரியையைப் பார்த்து ‘டா’ போட ஒரு தமிழனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவது தலைவலி, சொல்லின் முதல் எழுத்தே மாறிவிடும். நாட்டின் பெயர் ‘கம்ரி’, ஆனால் எல்லையில் நிற்கும் வரவேற்புப் பலகையில் ‘கம்ரி’ இல்லை, அதன் முதல் எழுத்தை மாற்றி, நம் ஊர் க அழுத்தம் குறைந்து ஒலிப்பது போல எழுதியிருப்பார்கள். அகராதியில் அந்த எழுத்தில் தேடினால் கிடைக்காது. வகுப்பில் ஆங்கிலேயர்கள் தலையில் கைவைத்தார்கள். புணர்ச்சி விதிக்கு மதிப்பெண் இழந்தே வளர்ந்த எனக்கு அது பழகிய வேதனை.

மொழிக்காக இந்த ஊர் செய்தது கொஞ்சம் இல்லை. 1939-இல் வெல்ஷ் வழிக் கல்விக்கான முதல் ஆரம்பப் பள்ளி இங்கேதான் தொடங்கியது, ஏழே ஏழு குழந்தைகளோடு. அப்புறம் 1962-இல் சாண்டர்ஸ் லூயிஸ் என்ற எழுத்தாளர் வானொலி உரை ஒன்றில், இப்படியே போனால் மொழி செத்துவிடும் என்று எச்சரித்தார். மறுவருஷம் பிப்ரவரி 2-ஆம் தேதி, பனிக்காலம், மாணவர்களும் இளைஞர்களும் ஊரில் கூடினார்கள். கோரிக்கை ரொம்பச் சின்னது: நீதிமன்ற சம்மனை வெல்ஷ் மொழியிலும் கொடு. கைதானால்தானே சம்மன் வரும்? அதனால் கைதாவதற்காகவே தபால் நிலையத்தில் போஸ்டர் ஒட்டினார்கள். போலீஸ் கண்டுகொள்ளவில்லை. சரி என்று ஒரு பகுதியினர் ட்ரெவெக்கான் பாலத்துக்குப் போய் நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டிகள் நின்றன, திட்டு விழுந்தது, அங்கேயும் கைது நடக்கவில்லை. ஆனால் மறியல் நாடு முழுக்கச் செய்தியானது. நான்கு வருஷம் கழித்து 1967-இல் முதல் வெல்ஷ் மொழிச் சட்டம் வந்தது. இன்று அந்தப் பாலத்தில் நடந்தால் ஒரு சாதாரணப் பாலம், கீழே ரைடோல் ஆறு, சாலையில் வெள்ளை எழுத்தில் ‘அராவ்’, அதாவது மெதுவாக. மொழிப் போராட்டத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அங்கே நின்றால் கொஞ்சம் என்னவோ செய்யும்.

கடல் ஊருக்குள் வருமாமே? — வாசகர், நாகப்பட்டினம்

நீங்கள் கேட்கும்போது சும்மா பதில் சொல்ல முடியாது. உங்கள் ஊர் பார்த்தது இங்கே யாரும் பார்க்காதது. இங்கே வருவது சுனாமி இல்லை, குளிர்காலப் புயல். பெரிய கடல் ஏற்றமும் மேற்குக் காற்றும் ஒரே நாளில் சேர்ந்தால் அலை சுவரைத் தாண்டி மூன்று மாடி விடுதிகளின் ஜன்னல் வரை அடிக்கும்.

1938 ஜனவரிப் புயல் கடல்பாலத்தில் ஒரு பெரிய துண்டைக் கொண்டுபோனது. 1865-இல் திறந்தபோது கடலுக்குள் எண்ணூறு அடி நீண்ட பாலம், இன்று மிச்சம் இருப்பதைப் பார்த்தால் பாதியில் விட்ட வாக்கியம் மாதிரி நிற்கும். பிறகு 2014 ஜனவரி. கரையோர விடுதிகளில் இருந்த மாணவர்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். நடைபாதைக் கற்கள் பெயர்ந்தன. மழைக்கு ஒதுங்க கடலோரத்தில் நின்ற பழைய நிழற்குடையின் அடியில் இருந்த மண்ணை அலை அரித்து, குடை அப்படியே சாய்ந்து குழிக்குள் இறங்கியது. அதைப் பிரித்தெடுத்து, அதே மாதிரி திரும்பக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மழை பெய்யும்போது அதில் உட்காரும் கிழவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அரைமணி நேரம் நிச்சயம்.

அதே புயல்கள் ஒன்றைக் கொடுத்துவிட்டும் போயின. வடக்கே போர்த் என்ற ஊரில் கடற்கரை மணலுக்கு அடியில் ஒரு காடு இருக்கிறது. ஓக், பைன், ஆல்டர் மரங்களின் அடிக்கட்டைகள், 4,500 வருஷத்துக்கு மேல் பழையவை, கரி மண்ணில் புதைந்து அழுகாமல் நிற்பவை. 2014-இல் அலை மணலை வாரிக்கொண்டு போனதால் முன்னைவிட அதிகமாக வெளியே தெரிந்தன. கடல் உள்வாங்கிய நேரத்தில் நான் போய்ப் பார்த்தேன். கருப்பு வேர்கள், தொட்டால் ஊறிய ரொட்டி மாதிரி மெத்தென்று இருந்தது, வேர் இடுக்கில் சின்ன நண்டு.

இந்தக் காட்டுக்கு ஒரு கதையும் இருக்கிறது. இங்கே ஒரு காலத்தில் செழிப்பான நாடு இருந்ததாம், கடலைத் தடுக்க மதகுகள் இருந்தனவாம், காவல் பொறுப்பில் இருந்த செய்தெனின் என்பவன் குடித்துவிட்டு மதகை மூட மறந்தானாம், ஒரே இரவில் நாடே மூழ்கியதாம். அமைதியான நாளில் கடலுக்கடியில் கோயில் மணி கேட்கும் என்பார்கள். இந்திர விழாவை மறந்ததால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று நம்மிடம் ஒரு கதை உண்டே, அதை இங்கே ஒரு முதியவரிடம் சொன்னேன். ‘ஆக, உங்கள் ஊரிலும் யாரோ ஒருவன் வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை’ என்றார்.

வானிலை எப்படி? — வாசகர், வேலூர்

மழை. இல்லையென்றால் வரப்போகிறது.

என் மகன் லண்டனில் இருக்கிறான். வெல்ஷ் கடற்கரையில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்கிறான். லாபமா? — வாசகர், சென்னை

முதலில் அவரை உள்ளூர்ச் செய்தி படிக்கச் சொல்லுங்கள். இங்கே சூடான விவகாரமே இதுதான். வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போட்டு வருஷத்தில் நாலு வாரம் வந்து தங்குகிறார்கள், மீதி நாள் பூட்டு, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு எட்டாத விலை, குளிர்காலத்தில் தெருவில் விளக்கே எரிவதில்லை, பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடுகிறது. மொழி நிலைக்கும் கிராமங்களில்தான் இந்தப் பாரம் அதிகம் என்பதால் கோபமும் அதிகம்.

2023 ஏப்ரலிலிருந்து இரண்டாவது வீட்டுக்கு வழக்கமான கவுன்சில் வரிக்கு மேல் 300 சதவீதம் வரை கூடுதல் வரி போட வேல்ஸ் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. எங்களுக்கு வடக்கே குவினெத் மாவட்டம் அப்போதே 150 சதவீதம் போட்டது, அதாவது மொத்தம் இரண்டரை மடங்கு. விடுமுறை வாடகை வீடு என்று காட்டி வணிக வரிக்கு மாற வேண்டுமென்றால் வருஷத்தில் 182 நாள் உண்மையிலேயே ஆள் தங்கியிருக்க வேண்டும், முன்பு 70 நாள் போதும். குவினெத்தின் பெரும்பகுதியில் 2024 செப்டம்பரில், குடியிருப்பு வீட்டை விடுமுறை வீடாக மாற்றவே திட்ட அனுமதி வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். இது போக, தங்கும் விருந்தினருக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 1.30 பவுண்ட், கூடாரத்துக்கும் ஹாஸ்டலுக்கும் 75 பென்ஸ் என்று வசூலிக்கவும் 2025-இல் சட்டம் வந்துவிட்டது. வசூலிப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு கவுன்சிலும் முடிவு செய்யும், எப்படியும் 2027-க்கு முன் இல்லை.

விடுமுறை வாடகையை நம்பிப் பிழைக்கும் உள்ளூர்க் குடும்பங்களும் இருக்கின்றன, அவர்களுக்கு அந்த 182 நாள் விதி கழுத்தை நெரிக்கிறது, அதுவும் வாராவாரம் கடிதப் பகுதியில் வரும். உங்கள் மகன் குடியேறி வாழ வந்தால் வாசலில் கேக்கோடு நிற்பார்கள். பூட்டி வைக்க வாங்குகிறார் என்றால் எனக்கு இஷ்டமில்லை. நான் இந்த ஊர்க்காரன் மாதிரியே பேசுகிறேன் என்று தெரிகிறது, பரவாயில்லை.

நர்ஸ் வேலை கிடைத்து அந்தப் பக்கம் வரப்போகிறேன். தமிழ் ஆட்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது. — வாசகி, நாகர்கோவில்

பயப்படாதே அம்மா. மருத்துவமனையில் மலையாளமாவது நிச்சயம் காதில் விழும், நாகர்கோவிலுக்கு அது போதாதா? ஆனால் நம் ஆட்களோடு மட்டும் இருந்துவிடாதே, அதைத்தான் சொல்ல வந்தேன். பெரிய நகரத்தில் அது நடக்கும், இங்கே நடக்காது, நடந்தால் முதல் குளிர்காலமே தாங்காது. நாலரை மணிக்கு இருட்டும்.

வந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர். இந்தியக் குடியுரிமையோடு முறையான விசாவில் இருப்பவர்களுக்கு, காமன்வெல்த் என்பதால், இங்கே எல்லாத் தேர்தலிலும் ஓட்டு உண்டு. பலருக்கு இது தெரிவதே இல்லை. ஓட்டு இருந்தால் டவுன் கவுன்சிலர் தெருவில் நின்று பேசுவார், பேசாவிட்டாலும் நீ நிறுத்திக் கேட்கலாம்.

அப்புறம் எதிலாவது சேர். பாட்டு வருமென்றால் பாடகர் குழு, வராவிட்டாலும் பாடகர் குழு, கூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது. லைஃப்போட்டுக்கு நிதி திரட்டும் குழுவும் உண்டு. கடலில் ஆபத்து என்றால் காப்பாற்றப் போகும் படகுகளை இங்கே நடத்துவது அரசு இல்லை, 1824-இல் தொடங்கிய ஒரு தொண்டு நிறுவனம். படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் ஊர்க்காரர்கள், கூலி இல்லை. ஒருநாள் கடையில் எனக்கு முன்னால் வரிசையில் நின்றவரின் இடுப்பில் பேஜர் கத்தியது. மனிதர் கூடையைத் தரையில் வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, ஓடினார். பால், முட்டை, பூனைத் தீனி. கடைக்காரப் பெண் கூடையை எடுத்துக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு ‘வருவார்’ என்று மட்டும் சொல்லி என் சாமானுக்குப் பில் போட ஆரம்பித்தாள். அது யார் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் நான்தான் ஊருக்குப் புதுசு என்று தெரிந்துவிடும்.

கடற்பறவைகள் ஜாக்கிரதை. கையில் சிப்ஸ் வைத்துக்கொண்டு வாசலில் நிற்காதே.

அங்கே முருகன் கோயில் இருக்கிறதா? — பல வாசகர்கள்

இருக்கிறது, அதுவும் எதிர்பார்க்காத இடத்தில். ஊருக்குள் இல்லை, தெற்கே கார்மார்தன்ஷயர் மலைகளுக்கு நடுவே ஸ்கந்த வேல். இலங்கையிலிருந்து வந்த குரு சுப்பிரமணியம் 1973-இல் நிறுவியது. பூஜை செய்யும் துறவிகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், அரோகரா சொல்லும் அழகே தனி. கட்டணமில்லாமல் கடைசிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு ஹாஸ்பிஸும் நடத்துகிறார்கள்.

2007-இல் இந்தக் கோயில் வேல்ஸ் செய்திகளின் முதல் பக்கத்தில் இருந்தது. சம்போ என்ற கோயில் காளைக்குக் காசநோய்ப் பரிசோதனையில் நோய் இருப்பதாக வந்தது. சட்டப்படி கொல்ல வேண்டும் என்றது அரசு, கோயில் மறுத்தது, வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், ஜூலை இறுதியில் பஜனைக்கு நடுவே போலீஸ் வந்து காளையைக் கொண்டுபோனது. சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். நோய் பரவினால் தன் மந்தையே போய்விடும் என்ற விவசாயியின் பயமும் பொய்யில்லை, மகனைப் போல வளர்த்த காளையைக் கொடுக்க மறுத்தவர்களின் அழுகையும் பொய்யில்லை. யார் பக்கம் என்று என்னைக் கேட்டால், பதில் சொல்லாமல் டீ போட எழுந்துவிடுவேன்.

கார்டிஃபிலிருந்து ரயிலில் வரலாமா? — வாசகர், மதுரை

வரலாம், ஆனால் இங்கிலாந்துக்குள் போய் ஷ்ரூஸ்பரியில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சொந்தத் தலைநகரத்துக்கு வெளிநாடு வழியாகத்தான் ரயில். தெற்கே கார்மார்தனுக்கு நேராக இருந்த பாதையை 1965-இல் பயணிகளுக்கு மூடிவிட்டார்கள், திரும்பத் திற என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தடத்தில் இப்போது மின்சாரப் பேருந்து ஓடுகிறது.

அது என்ன, கம்பியை உதைப்பது? போன இதழில் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். — வாசகி, சேலம்

கடற்கரை நடைபாதை இரண்டு கிலோமீட்டர் போல. வடக்கு முனையில் மலை குறுக்கே வந்துவிடும், 1896-இல் போட்ட இழுவை ரயில் அங்கிருந்துதான் மேலே ஏறும். நடந்து போகிறவர்கள் அந்த முனையில் இருக்கும் இரும்புக் கம்பியைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். மாணவர்கள், பாட்டிகள், குழந்தை வண்டி தள்ளும் அப்பாக்கள், எல்லாரும். காரணம் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை. உதைக்காமல் திரும்பினால் நடை கணக்கில் சேராது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து.

மாலையில் போங்கள், இலையுதிர் காலமென்றால் இன்னும் நல்லது. ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங் குருவிகள் கடலுக்கு மேல் கூட்டமாகச் சுழன்றுவிட்டு, புயலில் மிஞ்சிய அந்தக் கடல்பாலத்தின் அடியில் ஒவ்வொரு வரிசையாக வந்து அடையும். கீழே நிற்காதீர்கள், தலையில் விழும்.